வீதிப் பலகையும் 'ஸிராத்' என்ற சொல்லும்

ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ சென்ற சகோதரிகளே, ஜித்தாவிலிருந்து மக்கா போகும் பெருவீதியில் ஒரு பலகையைக் கண்டிருப்பீர்கள். ஒரு பாதை முஸ்லிம்களுக்கு மட்டும். மற்றவர்கள் வேறு பாதையால் விலகிச் செல்ல வேண்டும். தல்பியா ஓதியபடி அதைக் கடந்து போய்விடுகிறோம். அப்படியான பலகையையே பெரிய ஓவியமாக்கியவர் சவூதிக் கலைஞர் அப்துல் நாஸர் காரிம்.

1973இல் கமீஸ் முஷைத்தில் பிறந்த இவர், இராணுவத்தில் லெப்டினன்ட் கேணலாக இருந்தவர். அலுவலக மேசையில் அன்றாடம் புழங்கும் றபர் முத்திரையே இவருடைய கருவியாயிற்று. முத்திரை எழுத்துக்களை ஆயிரக்கணக்கில் பலகையில் நெருக்கமாகப் பதித்து, அவற்றின் மேல் வர்ணம் தீட்டுகிறார். கிட்டப் போனால் இடவலம் மாறிய எழுத்துக்கள்; எட்டி நின்றால் வீதிப் பலகை. ஒரு முத்திரைக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்த நமக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை!

2011இல் துபாய் ஏலமொன்றில், பறவைப் பொறி போலச் சாய்த்து நிறுத்திய குப்பாவும் அதனுள் ஒரு புறாவும் கொண்ட இவரது படைப்பு 842,500 டொலருக்கு விலைபோனது. அந்தப் பணத்தைக் கலைக் கல்விக்கே கொடுத்துவிட்டார்.

எனினும் இவர் 2007இல் செய்த வேலைதான் என் மனதை விட்டு அகலவில்லை. சவூதியின் தென்பகுதியில், திஹாமாப் பள்ளத்தாக்கில் ஒரு கொங்கிறீட் பாலம் இருந்தது. 1982இல் வெள்ளம் வருகிறதென்று அஞ்சிய கிராமத்து மக்கள், இதைவிட உறுதியான இடம் ஏது என்றெண்ணி அதன் மேல் ஏறி நின்றார்கள். வெள்ளம் பாலத்தையும் அவர்களையும் சேர்த்தே அடித்துச் சென்றது. இன்னாலில்லாஹி...

கால் நூற்றாண்டின் பின், எஞ்சிய பாலத்தின் மேல் காரிமும் நண்பர்களும் 'அஸ்ஸிராத்' என்ற ஒரே சொல்லை வர்ணத்தால் திரும்பத் திரும்ப எழுதினார்கள். பர்ளுத் தொழுகையின் 17 ரக்அத்துக்களில் மட்டும், பாத்திஹாவில் ரக்அத்துக்கு இரண்டாக, 34 தடவை நம் நாவில் வரும் சொல் அது. மறுமையில் கடக்க வேண்டிய பாலத்துக்கும் அதுவே பெயர். வழமையாக வீதியோரத்தில் பலகை நட்டு வழி காட்டுவார்கள். இங்கே வீதியே பலகையாகி, எதை நம்பி ஏறினீர்கள் என்று கேட்கிறது. எழுத்துக்களைப் பின்பற்றி நடந்தால், பாலம் முறிந்த விளிம்பில் பாதை நின்றுவிடுகிறது. அதற்கப்பால் பள்ளத்தாக்குத்தான்.