குளோரியா தேயி திருச்சபை: மொழிமாற்றமும் சமயப்பிரிவு மாற்றமும்

1. முன்னுரை

புலம்பெயர்ந்த சமூகம் ஒன்று தன் தாய்மொழியைப் படிப்படியாகக் கைவிட்டுப் பெரும்பான்மையோர் மொழியைத் தனதாக்கிக்கொள்வதைச் சமூக மொழியியலார் மொழிமாற்றம் என்பர். வீடு, அங்காடி, பள்ளி, வழிபாட்டிடம் எனக் களந்தோறும் இம்மாற்றம் வெவ்வேறு விரைவில் நிகழும். இவற்றுள் வழிபாட்டிடமே பழைய மொழியின் கடைசிப் புகலிடம் என்பது பொதுவாக நிலவும் கருத்து. இக்கருத்தின் எல்லையை அறிய, அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரிலுள்ள குளோரியா தேயி எபிஸ்கோப்பல் திருச்சபையின் வரலாறு தக்க சான்றாகும். 'பழைய சுவீடியர் கோயில்' எனவும் வழங்கும் இச்சபை, சுவீடிஷ் மொழி பேசும் லூத்தரன் சபையாகத் தோன்றி, ஆங்கிலம் பேசும் சபையாக மாறி, 1845இல் எபிஸ்கோப்பல் திருச்சபையுடன் இணைந்தது. மொழிமாற்றத்தைத் தொடர்ந்து சமயப்பிரிவும் மாறியது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. குடியேற்றமும் பன்மொழிச் சூழலும்

டெலவேர் ஆற்றங்கரையில் 1638இல் 'புதிய சுவீடன்' குடியேற்றம் தொடங்கியது. அக்குடியேற்றத்தை 1655இல் டச்சுக்காரரும் 1664இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். எனவே சுவீடிஷ் அங்கு ஆட்சிமொழியாக இருந்த காலம் பதினேழு ஆண்டுகளே. குடியேறியோருள் ஃபின்னிஷ் மொழி பேசியவரும் பலர். எனினும் அவர்களுக்கெனத் தனி வழிபாடு அமையவில்லை. சபையின் மொழி சுவீடிஷாகவே இருந்தது. ஒரு சிறுபான்மை மொழியைக் காத்த அதே சபை, அதனினும் சிறுபான்மையான மொழிக்கு இடந்தரவில்லை என்பது கருதத்தக்கது.

அப்பகுதியின் பழங்குடியினரான லெனாப்பே மக்களுக்காக, 1643இல் அங்கு வந்த போதகர் யொஹான் கம்பானியுஸ், லூத்தரின் சிறிய வினாவிடை நூலை மொழிபெயர்த்தார். அது 1696இல் ஸ்டாக்ஹோமில் அச்சாயிற்று. இந்நூலின் மொழி முழுமையான லெனாப்பே அன்று. வணிகத் தொடர்பில் உருவான, சொல்லுருபுகள் பெரிதும் உதிர்ந்த கலப்புத் தொடர்புமொழி என்பது பிற்கால மொழியியலார் முடிவு. இயேசு கற்பித்த மன்றாட்டில் வரும் அன்றாட அப்பத்தைக் கம்பானியுஸ் மான் இறைச்சியும் மக்காச்சோளமுமாகப் பெயர்த்தார். கோதுமை அப்பம் அன்றாட உணவாக இல்லாத மக்களுக்குச் சொல்லைவிடப் பொருளே செல்ல வேண்டும் என்ற அவரது தெளிவு மொழிபெயர்ப்பாளர் நோக்கத்தக்கது.

3. போதகரும் நூல்களும்

விக்காக்கோ என்னும் லெனாப்பே பெயர் கொண்ட இடத்திலிருந்த மரக் காவற்கட்டடம் ஒன்று 1677இல் வழிபாட்டிடமாயிற்று. அங்குப் பணியாற்றிய ஃபப்ரீசியுஸ் சுவீடியர் அல்லர். டச்சு மொழியில் போதித்தார். தாய்மொழிப் போதகர் இல்லாத நிலையில், 1693இல் குடியேறியோர் சுவீடனுக்குக் கடிதம் எழுதினர். போதகர்களுடன் 12 விவிலியங்கள், 200 வினாவிடை நூல்கள், அதே எண்ணிக்கையில் அரிச்சுவடிகள் ஆகியவற்றையும் அவர்கள் வேண்டினர். அரிச்சுவடிகளின் எண்ணிக்கை கூர்ந்து நோக்கத்தக்கது. பிள்ளைகள் படிக்கக் கற்றாலன்றி வழிபாட்டு மொழி நிலைக்காது என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தனர்.

1697இல் ருட்மன், பியோர்க், அவுரேன் ஆகியோர் நூல்களுடன் வந்து சேர்ந்தனர். ருட்மனின் முயற்சியால் 1698இல் தொடங்கிய செங்கற்கோயில் 1700இல் அர்ப்பணிக்கப்பட்டது. 'இறைவனின் மாட்சி' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் சுவீடன் திருச்சபையே போதகர்களை அனுப்பிவந்தது.

4. வீட்டில் தளர்ந்த மொழி

போதகர் வரவு தொடர்ந்ததேயன்றிக் குடியேறுவோர் வரவு தொடரவில்லை. கலப்புமணமும் ஆங்கிலேயர் பெருக்கமும் வீட்டுமொழியை மாற்றின. 1748 முதல் 1751 வரை வட அமெரிக்காவில் பயணம் செய்த இயற்கையியலார் பேர் கால்ம், தாம் உண்மையான ஆங்கிலேயராகக் கருதப்படாமற் போகலாம் என அஞ்சிச் சுவீடியர் சிலர் தம் மொழியைப் பேச நாணியதைக் குறித்துள்ளார். மொழியின் மதிப்பிழப்பே அதன் பயன்பாட்டு இழப்புக்கு வழிவகுக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆட்பெயர்களும் இதனை உறுதிப்படுத்தும். தந்தைப் பெயரோடு மகனைக் குறிக்கும் ஒட்டைச் சேர்க்கும் சுவீடிய முறை மறைந்து, நிலையான குடும்பப்பெயர் வந்தது. பெங்ட்சோன் 'பேங்க்சன்' ஆயிற்று. குஸ்தாவ்சோன் 'ஜஸ்டிஸ்' ஆயிற்று. பின்னதில் ஒலியொப்புமை கொண்ட வேறொரு பெயரே மூலப்பெயரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

5. சமயப்பிரிவு மாற்றம்

1786இல் பொறுப்பேற்ற நிக்கலஸ் கொலின் சுவீடன் அனுப்பிய போதகர்களுள் கடைசியானவர். 1831இல் இறக்கும்வரை அவர் பணியாற்றினார். எனினும் அவர் காலத்தில் சபையின் நடைமுறை மொழி ஆங்கிலமே. 1787ஆம் ஆண்டுச் சாசனம் லூத்தரன், எபிஸ்கோப்பல் ஆகிய இரு பிரிவுப் போதகர்க்கும் இடமளித்தது.

ஆங்கிலம் பேசும் லூத்தரன் சபையாகவே அது ஏன் நீடிக்கவில்லை என்னும் வினா எழலாம். பென்சில்வேனியாவின் லூத்தரன் சபைகள் அன்று பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் இயங்கின. ஆகவே சுவீடியர் வழிவந்தோர்க்கு லூத்தரன் போதகர் கிடைப்பதைவிட ஆங்கிலப் போதகர் கிடைப்பது எளிதாயிற்று. மேலும் சுவீடன் திருச்சபை ஆயர் ஆட்சியையும் எழுதப்பெற்ற வழிபாட்டு முறையையும் கைவிடாதது. எபிஸ்கோப்பல் திருச்சபையிலும் இவ்விரண்டும் உண்டு. போதகர் இல்லாத ஆங்கிலேயச் சபைகளில் சுவீடியப் போதகர் வழிபாடு நடத்திய வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. கொலினுக்குப் பின் வந்த யீகு கர்ட்டிஸ் கிளே எபிஸ்கோப்பல் போதகர். சுவீடியர் வரலாற்றை 1835இல் ஆங்கிலத்தில் நூலாக்கியவரும் அவரே. 1845இல் நிகழ்ந்த இணைப்பு, முன்பே நிலைபெற்றிருந்த நடைமுறைக்கு அளிக்கப்பட்ட சட்ட வடிவமே எனலாம். டெலவேர் பகுதியின் பிற பழைய சுவீடியச் சபைகளும் இவ்வழியே சென்றன.

6. முடிவுரை

வழிபாட்டிடம் மொழியைத் தானே காப்பதில்லை. வீட்டிலிருந்து வரும் மொழியைச் சிறிதுகாலம் தேக்கிவைக்க மட்டுமே அதனால் இயலும். வீட்டில் ஊற்று வறண்டபின், கடல்கடந்து வரும் போதகரும் நூலும் ஒரு சடங்குமொழியையே நிலைநிறுத்த முடியும். அந்நிலையில் சபையார் மொழியையும் கோட்பாட்டுப் பெயரையும் விடுத்து, பழகிய வழிபாட்டு வடிவத்தையும் கோயிலையும் தக்கவைத்துக்கொண்டனர். இக்காலத்தில் அக்கோயிலில் டிசம்பர்தோறும் நடைபெறும் லூசியா விழா, முன்னோர் கொண்டுவந்த வழக்கத்தின் தொடர்ச்சியன்று. சுவீடனிலேயே பின்னர்ப் பரவிய வழக்கம் அது. மொழி மறைந்த பின்னரும் இன அடையாளம் தனக்குப் புதிய குறியீடுகளைத் தேடிக்கொள்கிறது என்பதை இது காட்டுகிறது. எனவே மொழிக்காப்பை ஆராய்வோர், ஒரு சமூகம் எம்மொழியில் வழிபடுகிறது என்பதோடு நில்லாது, அதன் பிள்ளைகள் வீட்டில் எம்மொழியில் வளர்கின்றனர் என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.