"எதைத் தொட்டீங்க?"

கணக்கில் இருந்த பணம் போய்விட்டது என்று வங்கிக்குப் போனாலும் சரி, காவல் நிலையத்துக்குப் போனாலும் சரி, முதலில் வருகிற கேள்வி இதுதான். லிங்க்கைத் தொட்டீங்களா, ஓடிபி சொன்னீங்களா, ஏதாவது ஆப் ஏத்தினீங்களா? பல நேரம் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். ஆனால் எதையும் தொடாமலே போன் அடுத்தவன் வசம் போகிற வழியும் ஒன்று இருக்கிறது. பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் நாம் வைத்திருக்கும் மென்பொருள் அந்த வழியின் வாசல்களில் ஒன்று.

வீடியோ ஃபைலைப் பழைய சினிமா ரீல் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ஓடினால் படம் தெரியும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று. உண்மையில் அது சீட்டு ஒட்டிய பெட்டிகளின் அடுக்கு. ஓர் எம்பி4 ஃபைலைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் முதல் நான்கு பைட்டில் "என் அளவு இவ்வளவு" என்று ஓர் எண் இருக்கும். அடுத்த நான்கு பைட்டில் உள்ளே இருக்கும் சரக்கின் பெயர். பிளேயர் அந்த எண்ணைப் படித்து, அதற்கேற்ப மெமரியில் இடம் ஒதுக்கி, சரக்கை அதில் கொட்டுகிறது. அந்த எண்ணை எழுதியவர் யார்? ஃபைலைத் தயாரித்து அனுப்பியவர்.

கல்யாண மண்டபத்தில் நூறு இலை போடச் சொல்லிவிட்டு நூற்று நாற்பது பேரை அனுப்பினால் என்ன ஆகும்? மிச்ச நாற்பது பேர் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நுழைவார்கள். நல்ல சமையல் மாஸ்டர் வாசலிலேயே ஆள் வைத்துத் தலை எண்ணுவார். சி, சி++ என்ற மொழிகளில் எழுதிய பிளேயரில் அந்த ஆளை நிறுத்த வேண்டியது எழுதுபவரின் பொறுப்பு. ஒரே ஓர் இடத்தில் மறந்தாலும் போதும், மிச்சச் சரக்கு பக்கத்து மெமரியில் போய் விழும். அங்கே இருப்பதெல்லாம் வெறும் தகவல் இல்லை. "இந்த வேலை முடிந்ததும் அடுத்து எங்கே போவது" என்று கருவி தனக்குத்தானே எழுதி வைத்திருக்கும் சீட்டும் அங்கே இருக்கக்கூடும். அந்தச் சீட்டின் மேல் தான் நினைத்ததை எழுதத் தெரிந்தவனுக்குப் போன் அடிமை. கண்ணுக்கு முன்னால் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அல்லது "இந்த ஃபைலை இயக்க முடியவில்லை" என்று ஒரு வரி வரும். நாமும் கரப்ட் ஆன ஃபைல் என்று விட்டுவிடுவோம்.

இதன் பெரிய உதாரணம் 2015இல் வெளியான ஸ்டேஜ்ஃபிரைட். ஆண்ட்ராய்டு போன்களில் வீடியோவைப் பிரித்துப் படிக்கும் பகுதியின் பெயர் அது. சிம்பீரியம் நிறுவனத்தின் ஜோஷுவா டிரேக் அதில் வரிசையாக ஓட்டைகள் கண்டுபிடித்து ஏப்ரலில் கூகுளிடம் சொன்னார். ஜூலை இறுதியில் உலகுக்குத் தெரிந்தது. அப்போது புழக்கத்தில் இருந்த ஆண்ட்ராய்டு கருவிகளில் 95 சதவீதம், ஏறத்தாழ 95 கோடி, பாதிக்கப்படக்கூடியவை என்று அந்த நிறுவனம் மதிப்பிட்டது. ஆளின் போன் நம்பர் தெரிந்தால் போதும், ஒரு எம்எம்எஸ் அனுப்பலாம். பல போன்கள் அதைத் தானே இறக்கி, முன்கூட்டியே பிரித்தும் பார்த்துவிடும். உரியவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் வேலை நடக்கும்.

அந்த ஓட்டைகளில் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். வசன வரிகள் வைக்கிற ஒரு பெட்டி. ஏற்கெனவே வந்த வரிகளின் நீளத்தையும் புதிதாக வரும் வரிகளின் நீளத்தையும் கூட்டி, அந்த அளவுக்கு இடம் ஒதுக்க வேண்டும். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதற்கு மேல் ஒன்று கூட்டினால், பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999க்குப் பிறகு 00000 காட்டுமே, அதுபோல் சுற்றி வந்துவிடும். ஆகவே புதிய வரியின் நீளத்தை வேண்டுமென்றே ராட்சத எண்ணாக எழுதினால் கூட்டுத்தொகை குட்டியாகிவிடும். இடமும் குட்டியாகவே ஒதுக்கப்படும். ஏற்கெனவே வந்த பெரிய வரிகளை அந்தக் குட்டி இடத்தில் கொட்டினால் வழியாமல் என்ன செய்யும்? இதைச் சரிசெய்ய கூகுள் போட்ட முதல் பேட்ச் நான்கே வரி. அதிலும் கணக்குத் தப்பியதை எக்ஸோடஸ் இன்டெலிஜென்ஸ் என்ற நிறுவனத்தார் ஆகஸ்டிலேயே காட்டிவிட்டார்கள். அடைத்த இடமே மறுபடி ஒழுகியது. எழுதியவர்கள் அரைகுறைகள் என்று சொல்லிவிட முடியாது. மனிதக் கண்ணுக்கு எளிதில் பிடிபடாத தவறு இது, அவ்வளவுதான்.

வசன வரி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கொரியன் தொடர் பார்ப்பவர்கள் சப்டைட்டில் ஃபைலைத் தனியாக இறக்கிப் போடுவார்கள். வெறும் எழுத்துதானே என்று அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. 2017 மே மாதத்தில் செக் பாயின்ட் நிறுவனம் அந்த நம்பிக்கையையும் உடைத்தது. விஎல்சி, கோடி, பாப்கார்ன் டைம், ஸ்ட்ரீமியோ ஆகிய நான்கு பிளேயர்களையும் விஷம் வைத்த சப்டைட்டில் ஃபைலால் வசப்படுத்த முடிந்தது. விஎல்சியில் இருந்தது நாம் மேலே பார்த்த ரகம்: எழுத்து எங்கே முடிகிறது என்ற குறியைத் தாண்டியும் பிளேயர் படித்துக்கொண்டே போனது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு 2024. சாம்சங் கேலக்ஸி எஸ்23, எஸ்24 போன்களில் ஏப்பிஇ என்ற, பெரும்பாலானவர்கள் பெயர்கூடக் கேட்டிராத ஒலி வடிவத்தை இயக்கும் பகுதியில் ஓட்டை இருந்தது. கண்டுபிடித்தவர் கூகுளின் நாட்டலி சில்வானோவிச். ஒதுக்கிய இடம் ஒரு பங்கு. 24 பிட் ஒலி வந்தால் எழுதக்கூடியது மூன்று பங்கு. கூகுள் மெசேஜஸில் ஆர்சிஎஸ் என்ற அரட்டை வசதி இருந்தால், வந்த ஆடியோவை எழுத்தாக்கித் தருவதற்காக, நாம் தொடும் முன்பே போன் அதைப் பிரித்துவிடும். நமக்கு வசதி செய்து கொடுக்கப் போய்த் திறந்த கதவு. டிசம்பர் அப்டேட்டில் சாம்சங் அடைத்தது.

இனி பயத்துக்கு ஓர் எல்லை கட்டலாம். தொடாமலே நுழைகிற வித்தை விலை உயர்ந்தது. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாகப் பெகாசஸ் உளவு மென்பொருள் ஏறியபோது குறிவைக்கப்பட்டவர்கள் உலகம் முழுவதும் சுமார் 1,400 பேர். இந்தியாவின் பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், உரிமைச் செயல்பாட்டாளர்களும் அதில் இருந்தார்கள். மளிகைக் கடைக்காரரின் ஜிபே கணக்குக்காக யாரும் அவ்வளவு செலவழிப்பதில்லை. ஆனால் ஓட்டை வெளியே தெரிந்து, பேட்ச்சும் வந்த பிறகு கதை மாறுகிறது. எங்கே ஓட்டை இருந்தது என்பதைப் பேட்ச்சே காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு மாட்டிக்கொள்பவை அப்டேட் வராத போன்கள்.

அப்டேட் ஏன் வராமல் போகிறது? ஒரு நல்ல சான்று இருக்கிறது. தரம் குறையாமல் பாட்டைச் சுருக்கும் ஏலாக் என்ற முறையின் நிரலை ஆப்பிள் 2011இல் இலவசமாக எல்லோருக்கும் திறந்துவிட்டது. தன்னிடம் இருந்த பிரதியைத் திருத்திக்கொண்டே வந்த ஆப்பிள், பொதுவில் விட்ட பிரதியைத் தொடவே இல்லை. குவால்காமும் மீடியாடெக்கும் அந்தப் பழைய பிரதியைத் தங்கள் சிப்புகளுக்கு எடுத்துக்கொண்டன. பத்து வருடம் கழித்துச் செக் பாயின்ட் தோண்டியபோது, ஒரு பாட்டு ஃபைலால் போனைப் பிடிக்கக்கூடிய ஓட்டைகள் அப்படியே இருந்தன. இரண்டு நிறுவனங்களும் 2021 டிசம்பரில் அடைத்தன. சிப் கம்பெனி அடைத்தால் போதுமா? அதை போன் கம்பெனி எடுத்து, தன் மாடலுக்குப் பொருத்தி, சோதித்து, அனுப்ப வேண்டும். சங்கிலியில் எங்கே அறுந்தாலும் நம் கைக்கு எதுவும் வந்து சேராது.

என் அம்மாவின் போனில் செட்டிங்ஸுக்குள் போய் "செக்யூரிட்டி அப்டேட்" என்ற இடத்தைப் பார்த்தேன். 2021 ஆகஸ்ட் 1 என்று இருந்தது. அதற்குப் பிறகு உலகம் அடைத்த எந்த ஓட்டையும் அந்த போனில் அடைபடவில்லை. "புதுசு வாங்கணும்மா" என்றேன். "ஏன்டா, நல்லாத்தானே ஓடுது?" என்றார். உண்மைதான். ஸ்கிரீன் உடையவில்லை, பேட்டரியும் நிற்கிறது. தேதி மட்டும் செத்துவிட்டது.

மென்பொருள் செய்பவர்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்டேஜ்ஃபிரைட் கொடுத்த அடியில்தான், 2015 ஆகஸ்டிலிருந்து, ஆண்ட்ராய்டுக்கு மாதாமாதம் பாதுகாப்பு அறிக்கை வரத் தொடங்கியது. மறு ஆண்டு ஆண்ட்ராய்டு 7இல் வீடியோ பிரிக்கும் வேலையைத் தனித்தனி அறைகளாகத் தடுத்தார்கள். ஒன்றில் திருடன் புகுந்தாலும் அடுத்ததற்குச் சாவி கிடைக்காது. தலை எண்ணும் ஆளைத் தானே வாசலில் நிறுத்துகிற ரஸ்ட் என்ற மொழியில் எழுதி, ஃபயர்ஃபாக்ஸ் 2016இல் முதன்முதலாக வெளியிட்ட பகுதியே எம்பி4 பிரிப்பான்தான். ஆண்ட்ராய்டு ஓட்டைகளில் இந்த மெமரி ரகத்தின் பங்கு 2019இல் 76 சதவீதம், 2024இல் 24 சதவீதம் என்று கூகுள் கணக்குச் சொல்கிறது. நல்ல செய்திதான். ஆனால் 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தது அம்மாவின் போனுக்குப் போய்ச் சேரவில்லை.

சில சமயம் அப்டேட்டை அரசே மறித்துவிடும். விஎல்சியின் அதிகாரபூர்வத் தளம் 2022 பிப்ரவரி முதல் இந்தியாவில் திறக்கவில்லை. தயாரிப்பாளர்களுக்கு முன்னறிவிப்பும் இல்லை. அவர்கள் அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள், நவம்பரில் தடை நீங்கியது. அந்த மாதங்களில் விஎல்சி வேண்டியவர்கள் எங்கே போயிருப்பார்கள்? கூகுளில் தேடி, கிடைத்த தளத்தில் கிடைத்ததை இறக்கியிருப்பார்கள். பாதுகாப்புக்காகத்தான் தடை என்றால் இதைவிட மோசமான பாதுகாப்பு இல்லை என்பது என் எண்ணம். பிளேயர், ஃபைலைப் பிரித்து ஓட்டும் கோடெக் எதுவானாலும் தயாரித்தவரின் தளத்திலிருந்தோ பிளே ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள். "படம் ஓட இந்த கோடெக் பேக் தேவை" என்று ஒரு தளம் சொன்னால் அந்தப் படமே வேண்டாம். வாட்ஸ்அப்பில் தானாக டவுன்லோடு ஆவதையும், மெசேஜ் ஆப்பில் எம்எம்எஸ் தானாக இறங்குவதையும் நிறுத்தி வையுங்கள். முழுக் காப்பு இல்லை; ஆனாலும் முன்பின் தெரியாதவன் அனுப்பியது வாசலிலேயே நிற்கும்.

பணம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். அதே மூச்சில் வங்கிக்கும் சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சோடு விட வேண்டாம், ஈமெயில் அனுப்புங்கள். போனை அவசரப்பட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். சாட்சி அதற்குள்தான் இருக்கிறது. ஏரோபிளேன் மோடில் போட்டு ஓரமாக வையுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இங்கே முக்கியம். தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ என்றால், பணம் போன தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பு ஏதும் இல்லை. பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. அதற்கும் மேல் போனால் வங்கியின் கொள்கைப்படி. கவுன்ட்டரில் யாரும் நமக்கு எடுத்துச் சொல்லாத வரி ஒன்று அதில் உண்டு: வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியின் மேல். "எதைத் தொட்டீங்க?" என்று கேட்கலாம். தொட்டோம் என்று காட்ட வேண்டியவர்கள் அவர்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம்.

அனுமதியின்றிக் கருவிக்குள் நுழைவதும் அதில் வைரஸ் ஏற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கு உரியவை. கெட்ட நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவில் மூன்றாண்டுவரை சிறை. இழப்பீடு கேட்க மாநிலத்தின் ஐடி துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரி. ஐந்து கோடி ரூபாய்வரை அவரிடம் கேட்கலாம். இப்படி ஒரு வாசல் இருப்பதே பலருக்குத் தெரியாது. 2010இல் சென்னையில் அந்த வாசல் வழியாகவே ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி ஒரு வங்கிக்கு உத்தரவானது. அவர் போலி ஈமெயிலுக்குப் பதில் போட்டவர். தொட்டவர்! அப்படியும் வங்கி தப்பவில்லை.

போன் கம்பெனியைக் கேட்பது இதைவிடக் கடினம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் எதுவரை என்று சொல்லாமல் போன் விற்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் மாடல்களுக்கு, விற்பனை நிறுத்திய பிறகும் ஐந்தாண்டு அப்டேட் தர வேண்டும். நம் ஊரில் கையில் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நான்கு வருட அப்டேட் என்று விளம்பரம் செய்துவிட்டு இரண்டோடு நிறுத்தினால், அது நியாயமற்ற வணிக முறை என்று வழக்காடலாம். அந்த விளம்பரத்தை வாங்கும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் வழக்குக்குக் கால் முளைக்கும். 1915 நுகர்வோர் உதவி எண். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடக் கெடு.

அம்மாவுக்கு புது போன் பார்க்கக் கடைக்குப் போனேன். "இதுக்கு எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும், தம்பி?" விற்பனைப் பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், ரேம் எட்டு ஜிபி சார்." ரேமைக் கேட்கவில்லை என்றேன். மேனேஜரைக் கூப்பிட்டான். அவர் தன் போனில் கம்பெனித் தளத்தை ஐந்து நிமிடம் துழாவிவிட்டு, "நாலு வருஷம் வரும்ணே" என்றார். பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். பேனா இல்லை என்றார்.

என் சட்டைப் பையில் இருந்ததை எடுத்து நீட்டினேன்.