ஊவாத் தோட்டங்களின் வழக்குகள்: சட்டத்தரணிகளும் நிருவாகிகளும் பற்றிய ஒரு வர்க்க நோக்கு

மலையக மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் சட்டங்களைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தை அறியாத மலையக ஆய்வாளர் எவரும் இலர். ஆனால் சட்டம் தானாக இயங்குவதன்று. அதனை வாதிடுபவர் ஒருவர். அதன்படி ஆவணம் எழுதி வைப்பவர் இன்னொருவர். தொழிலாளியின் வாய்மொழியை நீதிபதியின் மொழிக்கு மாற்றுபவர் வேறொருவர். இவர்கள் எவ்வர்க்கத்திலிருந்து வந்தனர், எக்கல்வியைப் பெற்றனர், எவருடைய ஊதியத்தில் வாழ்ந்தனர் என்னும் வினாக்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆட்சியாளனே நீதிபதி

கோப்பிப் பயிர்ச்செய்கை பரவத் தொடங்கிய காலத்துப் பதுளையில் சட்டத்துறையும் நிருவாகத்துறையும் தனித்தனியே இயங்கவில்லை. இதற்கு மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் சிறந்த எடுத்துக்காட்டாவார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவராகவே இன்று அவர் நினைவுகூரப்படுகிறார். ஆயினும் அவர் ஒரே வேளையில் படை அதிகாரியாகவும், உதவி அரசாங்க அதிபராகவும், மாவட்ட நீதிபதியாகவும், வீதிகளை அமைப்பித்தவராகவும் விளங்கினார் என்பதே நம் ஆய்வுக்கு முக்கியமானது. 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். அவர் நினைவாகவே பதுளையில் புனித மாற்கு தேவாலயம் எழுந்தது. வீதியை வெட்டுவித்த கையே தீர்ப்பையும் எழுதிற்று எனின், அன்றைய நீதி எப்பொருளாதாரத்துக்குப் பணி செய்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஊவா 1886 இல் தனி மாகாணமாக்கப்பட்ட வேளையில் பதவிகள் பல பிரிக்கப்பட்டிருந்தன. எனினும் உறவு அறுபடவில்லை. தோட்டத்துரைமாரிற் சிலர் சமாதான நீதவான்களாகவும் உத்தியோகப்பற்றற்ற பொலிஸ் நீதவான்களாகவும் நியமனம் பெற்றனர். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலையை விட்டு நீங்குதலையும் வேலை செய்ய மறுத்தலையும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களாக்கிற்று. இரு தரப்பினருக்கிடையிலான ஒப்பந்தத்தைத் தொழிலாளி முறித்தபோது அது குற்றவியல் வழக்காயிற்று. இத்தகைய வழக்குக்குத் துரைமார் பெரிய வழக்கறிஞரை அமர்த்த வேண்டிய தேவை எழவில்லை. முறைப்பாடே போதுமானதாக இருந்தது. தொழிலாளிக்கோ வழக்கறிஞரை அமர்த்த வழியிருக்கவில்லை.

கடனைத் தீர்ப்பவர் எவராயினும் அவரிடம் தொழிலாளியை ஒப்படைப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. துண்டு முறையும் தண்டனைப் பிரிவுகளும் 1921 இலேயே ஒழிக்கப்பட்டன. அதற்காகக் குரலெழுப்பியோருள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் செல்வாக்கு மிக்க முதலியார் குடும்பத்தினர், கேம்பிரிட்ஜில் கற்றவர், பாரிஸ்டர், குடியியற் சேவையில் உயர்பதவி வகித்தவர். அவர் 1919 இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை அமைத்தார். பிறப்பினாலேயே ஒருவரின் நிலைப்பாடு முற்றாகத் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு அவர் சான்றாவார். அதே வேளையில், தொழிலாளிக்காகப் பேசுவதற்கு அத்துணை உயர்ந்த இடத்திலிருந்து ஒருவர் இறங்கி வர வேண்டியிருந்தமையே அக்காலச் சமூக அமைப்பின் இயல்பைக் காட்டுகிறது.

2. அப்புக்காத்தும் பிறக்கிராசியும்

1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் 1974 தொடக்கத்தில் நடைமுறைக்கு வரும் வரை இலங்கையின் சட்டத் தொழில் இரு படிநிலைகளைக் கொண்டிருந்தது. கட்சிக்காரரைச் சந்தித்து ஆவணங்களைத் தயாரிப்பவர் பிறக்கிராசி. மன்றில் எழுந்து வாதிடுபவர் அப்புக்காத்து. இவ்விரு பிரிவினரும் அச்சட்டத்தின் வழியே ‘சட்டத்தரணி’ என்னும் ஒரே பெயரைப் பெற்றனர். 1874 இல் நிறுவப்பட்ட சட்டக் கல்லூரியே இத்தொழிலுக்குரிய முதன்மை வாசலாக விளங்கியது. அவ்வாசலைத் திறக்கும் திறவுகோல் ஆங்கிலக் கல்வி. ஆகவே பறங்கியர், கரையோரச் சிங்களவர், யாழ்ப்பாணத் தமிழர் ஆகியோருள் நிலமோ வணிகமோ அரச பதவியோ உடைய குடும்பத்தினரே பெரும்பாலும் உள்ளே நுழைந்தனர். சாராயக் குத்தகையிலும் காணியிலும் திரண்ட மூலதனம் அடுத்த தலைமுறையில் பட்டமாகவும் தொழிலாகவும் உருமாறியதைக் குமாரி ஜயவர்த்தனா விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தோட்டத்துப் பிள்ளைக்கு விதிக்கப்பட்டது எதுவெனில், 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தோட்டத்திலேயே பாடசாலை அமைக்கப் பணித்தமையாகும். பத்து வயதோடு முடியும் கல்விக்கும் சட்டக் கல்லூரிக்கும் இடையில் இருந்த தூரம், தெமோதரை லயத்துக்கும் கொழும்பு அல்ஸ்டொர்ப்புக்கும் இடையிலான தூரத்தினும் பெரிது.

முதலாளிகளுக்கு வாய்த்த சட்டத் துணை இதற்கு நேர்மாறானது. கொழும்பில் எப்.ஜே. அன்ட் ஜீ. டி சேரம் 1841 இலும் ஜூலியஸ் அன்ட் கிறீசி 1879 இலும் தோற்றம் பெற்றன. பங்காளர் பலர் கூடி நடத்தும் இத்தகைய நிறுவனங்களில் உறுதி எழுதுவோர், வழக்கு நடத்துவோர், கோப்பைக் காப்போர் எனத் தொழிற் பிரிவினை வளர்ச்சியுற்றிருந்தது. தோட்டக் கம்பனிகளின் முகவர் நிலையங்களும் அதே கொழும்பிலேயே இருந்தன. 1890 இல் லிப்டன் அப்புத்தளையருகே தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கியமை, ஊவாவின் காணி எவ்வாறு உலகச் சந்தையோடு பிணைக்கப்பட்டது என்பதற்குப் பலரறிந்த சான்று. ஊவாவின் மண் கொழும்பின் கோப்புகளிலும் இலண்டனின் கணக்குகளிலும் வாழ்ந்தது. தொழிலாளி நாடத்தக்கவரோ பதுளையிலோ பண்டாரவளையிலோ தனியே தொழில் நடத்திய பிறக்கிராசியும், கச்சேரி வாசலில் மனு எழுதுபவருமே. ஒருபுறம் நிறுவனம், மறுபுறம் தனியாள். இந்த ஏற்றத்தாழ்வை வாதத் திறமை ஒன்றினால் ஈடுசெய்தல் அரிது.

இந்நிலையில் மாற்றம் இரு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று, இந்திய வம்சாவளியினருள் எழுந்த படித்த குழாம். கேம்பிரிட்ஜில் பயின்று பாரிஸ்டரான பெரி சுந்தரம் 1931 இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகித் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். மற்றையது இடதுசாரி இயக்கம். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனின் மனைவி சார்பில், விசாரணைக் குழு முன் தோன்றியவர் லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. தென்னிலங்கையில் பிறந்து, இலண்டனில் வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவருக்குத் தோட்டத்தோடு பிறப்புறவு எதுவுமில்லை. இயக்கமே அவரை அங்குக் கொணர்ந்தது. அதே ஆண்டின் வேலைநிறுத்த அலை ஊவாவை எட்டியபோது பதுளையருகே வேவெஸ்ஸைத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கெனத் தெரிவு செய்த சபையொன்றை அமைத்தனர். அதனைக் கலந்தே செயற்படுவதற்குத் துரையும் ஒருகட்டத்தில் இணங்கினார். நிருவாகம் என்பது மேலிருந்து வரும் ஒன்று என்னும் எண்ணத்தை அச்சபை சில காலமேனும் தகர்த்தது. சட்டத்தரணிகளின் மனமாற்றத்தை மட்டும் ஆராய்ந்து நிற்பது போதாது என்பதை வேவெஸ்ஸை நமக்கு உணர்த்துகிறது.

3. பதிவேட்டைக் காப்பவர்

வழக்கின் விதி மன்றில் தீர்மானிக்கப்படுவதற்கு முன்பே தோட்டத்து ஆபீசில் பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. யார் எந்நாளில் வேலைக்கு வந்தார், எப்போது பேர் பதியப்பட்டது, எந்த லயத்தில் எந்தக் காம்பிராவில் இருந்தார் என்பன யாவும் செக்றோலிலும் ஆபீஸ் பேரேடுகளிலுமே உள்ளன. அவற்றை எழுதுவோர் கணக்கப்பிள்ளையும் கிளாக்கரும், ஒப்பமிடுபவர் துரை. இவ்விடைநிலை உத்தியோகத்தர் பலர் தமிழர். தொழிலாளியின் மொழியையே பேசியவர். ஆயினும் அவர்தம் சம்பளமும் குவார்ட்டர்சும் நிருவாகத்தின் கொடையாக இருந்தமையால் அவர்தம் எழுத்தும் நிருவாகத்தின் எழுத்தாயிற்று. மொழி ஒன்றாக இருந்தும் நலன் வேறாக இருந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் (பிரசாவுரிமை) சட்டம் இதன் முழுப் பொருளையும் வெளிக்கொணர்ந்தது. தொடர்ச்சியாக இந்நாட்டில் வதிந்தமையை விண்ணப்பகாரரே நிரூபிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 8,25,000 பேர் விண்ணப்பங்களில் அடங்கினர். அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேரே பிரசாவுரிமை பெற்றனர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்திடம் எழுத்துச் சான்று கேட்கப்பட்டது. அச்சான்றோ அவர்தம் எசமானின் அலுமாரியில் இருந்தது. 1947 இல் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய வாக்காளர் பலர் 1952 இல் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. அவ்வாண்டு மலையகத் தமிழர் எவரும் தெரிவாகவில்லை. இச்சட்டங்களின் செல்லுபடியை எதிர்த்த கோடாக்கன்பிள்ளை வழக்கு 1953 இல் பிரிவிக் கவுன்சிலிலும் தோல்வியுற்றது.

எனினும் சட்டத்தினுள்ளே போராடுவதால் பயனேயில்லை என முடிவுகட்டுதல் தவறாகும். வேலைநீக்கப்பட்ட பின்னரும் தன் லயத்து அறையை விட்டு வெளியேறாத தொழிலாளியொருவர் மீது குற்றமுறை அத்துமீறல் சாட்டப்பட்ட வழக்கில், 1950 இல் பிரிவிக் கவுன்சில் தொழிலாளிக்குச் சார்பான நிலைப்பாட்டை எடுத்தது. தன் வசிப்பிடத்தைக் காப்பாற்றிக் கொள்வதே ஒருவரின் நோக்கமாயின், அதனால் உடைமையாளர் எரிச்சலடைவார் என்பதை அறிந்திருந்தமை மட்டும் அதனைக் குற்றமாக்காது என்பதே அதன் சாரம். குடியியல் வழக்குக்கும் குற்றவியல் வழக்குக்கும் இடையிலான கோட்டை மீள வரைந்த அத்தீர்ப்பு, 1865 இன் பரம்பரைக்கு விடப்பட்ட மறுமொழி போன்றது. லயத்து அறை ஒன்றுக்காகச் சட்டத்தரணிகள் நுண்ணிய வாதத்தை அந்த உயரம் வரை கொண்டு சென்றமை நினைவுகூரத்தக்கது.

4. தொழில் நியாயசபையும் சங்கப் பிரதிநிதியும்

1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் 1957 இல் திருத்தப்பட்டுத் தொழில் நியாயசபைகள் தோன்றியமை இவ்வரலாற்றின் திருப்பமாகும். நியாயமும் ஒப்புரவுமான கட்டளையைப் பிறப்பிக்க அச்சபைகள் அதிகாரம் பெற்றன. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் இறுக்கம் அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை. எல்லாவற்றினும் மேலாக, தொழிற்சங்கம் தன் உறுப்பினருக்காக நேரே தோன்றலாயிற்று. இதனால் சட்டத் தொழிலின் மதிலுக்கு வெளியே ஒரு புதிய வகையினர் உருவாகினர். பதுளையின் சங்கப் பணிமனைகளில் இருந்து நியாயசபைக்குச் சென்ற மாவட்டப் பிரதிநிதிகள் பட்டமோ கறுப்பு அங்கியோ இல்லாதவர். தோட்டத்துப் பாடசாலையில் கற்றுத் தோட்டக் கமிற்றித் தலைமையிலிருந்து மேலெழுந்தவர் அவருட் பலர். செக்றோலின் எந்தப் பக்கத்தில் எது மறைக்கப்படும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். குறுக்கு விசாரணையில் அவ்வறிவு நூலறிவுக்கு நிகரானது.

அந்நாற்காலியில் அமரத்தக்கவர் யார் என்னும் வினாவும் எழாமலில்லை. நியாயசபைத் தலைவர் நீதிச்சேவை ஆணைக்குழுவினால் நியமிக்கப்பட வேண்டிய நீதித்துறை உத்தியோகத்தரா என்பது பல வழக்குகளில் விவாதிக்கப்பட்டது. 1967 இல் தேவநாயகம் வழக்கில் பிரிவிக் கவுன்சிலின் பெரும்பான்மையினர் அல்லர் எனத் தீர்த்தனர். வெறும் நடைமுறைச் சிக்கலாகத் தோன்றும் இவ்விவாதத்தின் அடியில், தொழில் நீதி நிருவாகத்தைச் சேர்ந்ததா, நீதித்துறையைச் சேர்ந்ததா என்னும் அடிப்படைப் பிரச்சினை கிடந்தது.

5. மன்றின் மொழி

1961 ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் ஆங்கிலத்தின் இடத்தில் சிங்களத்தை அமர்த்த வழிகோலியது. பெரும்பான்மை மக்களுக்கு அது விடுதலையின் ஓர் அமிசம். ஊவாத் தோட்டத் தொழிலாளிக்கோ ஓர் அந்நிய மொழிக்குப் பதிலாக மற்றொரு மொழி. 1988 இன் பதினாறாம் திருத்தத்தின்படி வடக்குக் கிழக்குக்கு வெளியிலும் ஒருவர் தமிழில் வழக்குத் தொடரவும் பங்குபற்றவும் உரிமையுடையார். 1999 நவம்பரில் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎல முதலிய பிரதேச செயலகப் பிரிவுகளில் சிங்களத்தோடு தமிழும் நிருவாக மொழியாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. உரிமை ஏட்டில் உண்டு. அது மன்றில் உயிர்பெறுவது மொழிபெயர்ப்பாளரின் இருப்பிலும் தகைமையிலுமே தங்கியுள்ளது. ‘பேர் வெட்டிட்டாங்க’ என்னும் தொழிலாளியின் சொல்லைத் ‘தானே விலகினார்’ எனப் பெயர்த்துவிட்டால் வழக்கே தலைகீழாகும்.

6. முடிவுரை

தோட்டப் பாடசாலைகள் அரச பொறுப்பாகி, 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்ற நிலையும் நீங்கிய பின், லயத்தில் பிறந்தோர் சட்டத்தரணிகளாகி வருகின்றனர். இது பெருமைக்குரியது. எனினும் ஆள்மாற்றமே அமைப்பு மாற்றமாகாது. தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாகி, 1992 இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்ற பின்னும் பதிவேடு ஆபீசிலேயே உள்ளது. லயத்தின் மைந்தரான சட்டத்தரணியும் எதிர்த்தரப்பின் பதிவேட்டையே சான்றாக எதிர்கொள்கிறார். கட்டணத்தில் வாழும் தொழிலின் நிர்ப்பந்தம் அவரையும் பற்றுகிறது. ஆகவே பின்னணி பற்றிய வினாவைச் சட்டத்தரணியோடு நிறுத்தாது, கணக்கப்பிள்ளை, கிளாக்கர், மொழிபெயர்ப்பாளர், சங்கப் பிரதிநிதி ஆகிய அனைவர்க்கும் விரித்தல் வேண்டும். பதிவேட்டின் பிரதியைத் தொழிலாளியும் வைத்திருக்கும் உரிமை, தகைமை மிக்க மொழிபெயர்ப்பாளர், சங்கப் பிரதிநிதிகளுக்கான சட்டப் பயிற்சி ஆகியவை கோரிக்கைகளாக முன்வைக்கப்பட வேண்டியவை.

ஆய்வாளர்க்கும் ஒரு கடமையுண்டு. மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுப்பதில் நாம் காட்டிய அக்கறையை அவர்தம் வழக்குக் கோப்புகளிலும் காட்டுதல் வேண்டும். நியாயசபைச் சாட்சியத்தில் தொழிலாளி பேசுகிறார். தன் வேலை, கூலி, வீடு, மானம் பற்றித் தம் சொல்லிலேயே பேசுகிறார். சங்கப் பணிமனைகளின் அலுமாரிகளில் கிடக்கும் அக்கோப்புகள் கறையானுக்கு இரையாகுமுன் அவற்றைப் பேணுதல், பதுளையிலேயே 2005 முதல் பல்கலைக்கழகம் ஒன்று இயங்கும் இந்நாளில், இயலாத காரியமன்று.