பாசமா வளர்த்த ராஜபாளையம் நாய் திடீர்னு உறுமுதா? காரணம் இதுவாகவும் இருக்கலாம்!

வீட்டு ஆளைக் கண்டால் வாலாட்டும், வெளியாளைக் கண்டால் விடாது. ராஜபாளையம் நாய்க்கு ஊரெல்லாம் இதுதான் பேர். 2005-ல் தபால்தலையிலேயே இடம்பிடித்த இனம் இது. ஆனால் அதே நாய் ஒருநாள் திடீர்னு சோறு வைக்கப் போறவங்களையே பார்த்து உறுமினால்?

"திமிர் புடிச்சிருச்சு" என்று அடிப்பதும், சங்கிலியில் கட்டிப் போடுவதும்தான் பல வீடுகளில் நடக்கிறது. ஆனால் நாயின் குணம் காரணம் இல்லாமல் மாறாது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

காது கேட்கிறதா?

வெள்ளை வெளேர் உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. இதுதான் ராஜபாளையம் நாயின் அழகு. பிரச்சினையும் அங்கேதான். நிறமி செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு.

காது கேட்காத நாயைத் தூங்கும்போது தொட்டால், பயத்தில் சட்டென்று கடிக்க வரும். அது கோபம் இல்லை, அதிர்ச்சி. தூங்கும் நாய்க்குப் பின்னால், தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வை வைத்தே எழுந்துவிடும். காது கேட்காது என்று தெரிந்தால், முன்னால் போய் நின்று கை சைகையில் பழக்குங்கள்.

வலியைச் சொல்லத் தெரியாது

காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி, உண்ணியால் வரும் காய்ச்சல். இதில் எது இருந்தாலும் நாய் தொடவிடாது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் தோட்டக் காவலுக்கு நிற்கும் நாய்களுக்கு உண்ணித் தொல்லை வர வாய்ப்பு அதிகம். சோறு குறைந்து, சோர்ந்து படுத்து, தொட்டால் சீறினால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வயசும் சங்கிலியும்

6 மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். சொன்ன பேச்சு கேட்காது, மற்ற நாய்களிடம் மல்லுக்கு நிற்கும். வயசான நாய்க்குக் கண் மங்கினாலும் எரிச்சல் வரும்.

இன்னொன்று, இது காட்டுப்பன்றி வேட்டைக்கு ஓடிய இனம். நாள் முழுக்க 4 அடி சங்கிலியில் கட்டிப் போட்டால் கடுப்பாகத்தான் செய்யும். காலை, மாலை இரண்டு வேளையும் நடக்கவோ ஓடவோ விடுங்கள்.

ரேபிஸ்: இதில் அலட்சியம் வேண்டாம்

குரைப்புச் சத்தம் மாறுவது, எச்சில் ஒழுகுவது, கல், குச்சியைக் கடிப்பது, பின்னங்கால் தள்ளாடுவது எல்லாம் வெறிநோயின் அறிகுறிகள். எல்லா நாயும் வெறிபிடித்து ஓடாது. சில நாய்கள் இருட்டு மூலையில் போய் அமைதியாகப் படுத்துக்கொள்ளும். தாடை தொங்கிப்போவதைப் பார்த்து, தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கு என்று வாய்க்குள் கைவிடவே கூடாது. எச்சிலில்தான் வைரஸ் இருக்கிறது. நாயைத் தனியாக அடைத்துவிட்டு, கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

குட்டிக்கு 3 மாதத்தில் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் பூஸ்டர், வருஷா வருஷம் ஒரு ஊசி. இதை விடவே கூடாது.

கடித்துவிட்டால்?

* ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள்.
* சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள்.
* அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-வது நாட்கள் என 4 தவணை.
* ரத்தம் வரும் காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும்.

நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. "நம்ம வீட்டு நாய்தானே" என்று விட்டுவிடவும் கூடாது. அறிகுறி தொடங்கிவிட்டால் ரேபிஸுக்கு மருந்து இல்லை.

மற்றபடி, உறுமும் நாயை அடிக்காதீர்கள். உறுமல் என்பது அது கொடுக்கும் எச்சரிக்கை. அடித்து அந்தப் பழக்கத்தை நிறுத்தினால், அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கும்.