விலை சொல்லத் தயக்கமா? கணக்கை எழுதிப் பாருங்கள்!

இலையின் நிறத்தைப் பார்த்தே எந்தச் சத்து குறைகிறது என்று சொல்லிவிடுகிற விவசாயி, தன் நிலக்கடலையைச் செக்கில் ஆட்டி, பாட்டிலில் நிரப்பி விற்க உட்கார்ந்ததும் தடுமாறிப்போகிறார். 'லிட்டர் என்ன விலைங்க?' என்று ஒருவர் கேட்கிறார். '330 ரூபாய்' என்று சொல்வதற்குள் குரல் இறங்கிவிடுகிறது. 'கடையில இதைவிடக் கம்மியா கிடைக்குதே' என்று ஒரு வார்த்தை வந்ததும், 'சரி, 250 குடுங்க' என்கிறார். வந்தவர் இன்னும் பேரமே பேசவில்லை! அன்று மாலை வீட்டில், 'நமக்கெல்லாம் வியாபாரம் சரிப்பட்டு வராது' என்ற பேச்சு எழுகிறது.

இது பயந்த சுபாவம் அல்ல, பழக்கமின்மை. நெல்லோ, கரும்போ, காய்கறியோ... விலையை அரசு சொல்லும், இல்லையென்றால் மண்டிக்காரர் சொல்வார். விவசாயி விலை சொன்னதே இல்லை. 1999 நவம்பர் 14-ம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, தராசு விவசாயியின் கைக்கு வந்தது. ஆனால், அங்கேயும் அன்றைய விலையை அதிகாரிகள்தான் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். சொந்த எண்ணெய்க்கு அப்படி ஒரு பலகை கிடையாது.

அந்தப் பலகையை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு லிட்டர் மரச்செக்கு எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ கடலைப் பருப்பு வேண்டும். உதாரணத்துக்கு, பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் 300 ரூபாய். ஆட்டுக்கூலி 35, பாட்டிலும் லேபிளும் 20, போக்குவரத்து 10. மொத்தம் 365 ரூபாய். கிடைக்கும் புண்ணாக்கு 1.4 கிலோ என்று வைத்து, கிலோ 45 ரூபாய்க்குப் போனால் 63 ரூபாய் திரும்பி வரும். மீதி 302. வீட்டு ஆள்களின் உழைப்புக்கும் சேதாரத்துக்கும் 28 ரூபாய் சேர்த்தால் 330. (உங்கள் ஊர் விலையைப் போட்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள்).

250 ரூபாய்க்குக் கொடுத்தவர் வீட்டு உழைப்பைக் கணக்கில் சேர்க்காமலே லிட்டருக்கு 52 ரூபாய் இழந்திருக்கிறார். பருப்பாகவே விற்றிருந்தால் இந்த நஷ்டமும் இல்லை, அலைச்சலும் இல்லை. 'நம்ம காட்டுல விளைஞ்சதுதானே' என்று பருப்புக்கு விலையே போடாமல் விடுவதால்தான், 330 என்பது அதிக விலையாக அவருக்கே தோன்றுகிறது. கணக்கைக் கையில் வைத்திருப்பவர், 'இரண்டரை கிலோ பருப்பு போகுதுங்க' என்று நிதானமாகச் சொல்லலாம். அதற்குப் பிறகும் வேண்டாம் என்பவரை வழியனுப்பிவிடலாம். எல்லோருக்கும் விற்றாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தயக்கம் வேறொரு வேஷத்திலும் வரும். 'விலை குறைந்த ரகம் ஒன்றையும் சேர்த்துப் போடலாமே' என்று தோன்றும். மும்பையில் லிஜ்ஜத் அப்பளத்தை ஆரம்பித்த பெண்களுக்கும் இதே யோசனை வந்தது. 1959 மார்ச் 15-ம் தேதி, 80 ரூபாய் கடனில், ஒரு மொட்டை மாடியில் ஏழு பெண்கள் தொடங்கிய தொழில் அது. முதலில் மலிவாக ஒரு ரகம், தரமாக ஒரு ரகம் என்று போட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் கரம்சி பாரேக், ஒரே தரம்தான் இருக்க வேண்டும் என்றார். கூடவே கணக்கை ஒழுங்காக எழுதச் சொன்னார். முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் வேலை நின்றது. மூடிவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு. மழையிலும் வேலை நடந்தது. இன்று 40 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் அந்த நிறுவனத்தில் பங்குதாரர்கள்.

ஆனால், எல்லாச் சந்தேகத்தையும் துரத்திவிடக் கூடாது. 'எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமோ?' என்ற சந்தேகம் நியாயமானது. காயைக் குலுக்கினால் பருப்பு ஆடும் சத்தம் கேட்கும்வரை காய வைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த பருப்பு ஒரு பிடிகூடச் செக்குக்குப் போகக் கூடாது. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அதிலிருந்துதான் வருகிறது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, எண்ணெயை ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிட்டால் பாதி உதறல் போய்விடும். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைப்பின் தொழில்நுட்ப மையத்தில் மதிப்புக்கூட்டல் பயிற்சி தருகிறார்கள்.

'விற்குமா?' என்ற கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் தேட முடியாது. ஒரு மூட்டைப் பருப்பை மட்டும் ஆட்டி, முழு விலைக்குப் பத்து வீடுகளில் கொடுத்துப் பாருங்கள். 'நல்லா இருக்கு' என்ற பாராட்டை எண்ண வேண்டாம், அடுத்த மாதம் அவர்களாகவே கேட்டு வாங்குகிற வீடுகளை எண்ணுங்கள். பத்தில் ஒன்றுதான் திரும்பி வந்தது என்றால் தரத்தையோ, விற்கும் இடத்தையோ மாற்ற வேண்டும். அந்தப் பாடத்துக்கு ஒரு மூட்டையோடு செலவு முடிந்தது.

கடைசியில் மிச்சம் இருப்பது சொந்தக்காரர்கள். 'மாமனுக்கே இந்த விலையா?' என்று கேட்பவரிடம் எந்தக் கணக்கும் செல்லுபடியாகாது. விலையை லேபிளிலேயே அச்சடித்துவிடுங்கள். வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, பையில் இரண்டு படி கடலைக்காயை அள்ளிப் போட்டு அனுப்புங்கள். எண்ணெய் விலை 330-லேயே நிற்கட்டும்.