அன்று கேட்டவர்கள், இன்று பேசுகிறார்கள்

1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தபோது மழை கொட்டியது. பேசியவர்கள் நிறுத்தவில்லை, கேட்டவர்களும் கலையவில்லை. அண்ணா எழுதிய ‘வேலைக்காரி’, ‘நல்லதம்பி’ இரண்டும் அதே ஆண்டில்தான் படமாக வந்தன. ‘வேலைக்காரி’யில் பணக்காரரின் நெருக்கடி தாங்காமல் ஒரு தகப்பன் உயிரை விடுகிறான், மகன் காளி கோயிலில் நின்று நியாயம் கேட்கிறான். திரையில் அவன் கேட்டது, பூங்காவில் அரசியலாக ஒலித்தது. நாடகம், திரைவசனம், மேடைப்பேச்சு மூன்றும் ஒரே ஆளின் கையில் இருந்த காலம் அது.

வடசென்னைக்கு மேடை அப்போது புதிதும் அல்ல. 1918-ல் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் உருவானது. அதன் தலைவர் பி.பி. வாடியா தமிழர் அல்லர். ஆங்கிலத்தில் பேசுவார், யாராவது தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தக் குறையைத் தீர்த்தவர் திரு.வி.க. தமிழாசிரியராக இருந்து வந்தவர் அவர். கூலி, வேலை நேரம், மேஸ்திரியின் கெடுபிடி ஆகியவற்றைத் தறி ஓட்டுகிறவருக்குப் புரியும் தமிழில், தமிழின் அழகு கெடாமல் பேசினார். 1952 தேர்தலில் வண்ணாரப்பேட்டை கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. கம்பனையும் பாரதியையும் தொழிலாளர் கூட்டத்துக்குக் கொண்டுவந்தவர் ஜீவா. கவிதை என்பது படித்தவர்களின் சொத்து என்ற எண்ணத்தை உடைத்ததில் அவருக்குச் சமமாக இன்னொருவரைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இவற்றையெல்லாம் கேட்க இடங்கள் இருந்தன. ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலை வாசலில் கேட் மீட்டிங் நடக்கும். தெருமுனைப் படிப்பகத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். படம் பார்க்க தண்டையார்பேட்டையில் அகஸ்தியாவும் மகாராணியும் இருந்தன. திருவொற்றியூரில் விம்கோவின் தீப்பெட்டி ஆலை, என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்டு என்று சங்கு ஊதி நேரம் சொன்ன ஊர்கள் இவை. ஒன்றாக வேலை முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு ஒன்றாக நின்று கேட்பதும் எளிதாக இருந்தது.

ஆனால் அவர்கள் பெரும்பாலும் கேட்டார்கள். அவர்களின் கோபத்தை வேறொருவர் அடுக்குமொழியில் சொல்ல, இவர்கள் கை தட்டினார்கள். இந்த நிலையை முதலில் அசைத்தவர்களில் ஜெயகாந்தன் முக்கியமானவர். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்த அவர், நகரத்துக் குடிசைவாசிகள் பேசுவதை அவர்கள் பேசுகிறபடியே எழுதினார். தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலை 1965-ல் தானே படமாக இயக்கினார். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ அதைவிடத் துணிச்சலானது. திரைக் கதாநாயகன் மீது பித்துக்கொண்ட ஒரு ரிக்ஷாக்காரரின் மனைவியை வைத்து, சினிமா ஏழையின் மனத்துக்குள் என்ன செய்கிறது என்று கேட்ட கதை. அந்தப் பெண்ணிடம் ஆசிரியருக்கு இரக்கம் நிறைய உண்டு. திரையில் அவள் எதைத் தேடினாள் என்று அவளே சொல்ல மட்டும் கதை அதிகம் இடம் தரவில்லை.

பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. வட்டாரம் முழுவதும் நிரந்தர வேலை தேய்ந்து ஒப்பந்த வேலை பெருகியது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு கேட் மீட்டிங்கில் நிற்கவும் பயம். அகஸ்தியாவும் 2020-ல் மூடப்பட்டது. கூடிக் கேட்ட இடங்கள் இப்படி ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில்தான் வடசென்னையை உள்ளிருந்து சொல்லும் படங்களும் புத்தகங்களும் வரத் தொடங்கின.

பா.இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ 2014-ல் வந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரு சுவர். அதில் ஒரு கட்சித் தலைவரின் முகம். அந்தச் சுவர் யாருக்கு என்ற சண்டையில் பையன்கள் சாகிறார்கள். ராபின்சன் பூங்காவில் பேசப்பட்டவை அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஏழைகளின் குடியிருப்பில் என்னவாக மிஞ்சின என்பதற்கு அந்தச் சுவரைவிடக் கூர்மையான பதிலை நான் திரையில் பார்த்ததில்லை. கடைசியில் தலைவரின் முகம் போய், பிள்ளைகளின் படிப்பைப் பேசும் ஓவியம் அங்கே வருகிறது.

2021-ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யில் அதே வரலாறு வேறு முகம் காட்டுகிறது. நெருக்கடிநிலைக் காலம், துறைமுகத்துக் கூலியாள் கபிலன் குத்துச்சண்டை வளையத்துக்குள் நிற்கிறான். அவனுடைய வாத்தியார் ரங்கன் தீவிர தி.மு.க.காரர். ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி போட்டியின் நடுவில் வருகிறது, அவரைப் போலீஸ் பிடித்துப்போகிறது. மழையில் நனைந்துகொண்டு கேட்ட கூட்டத்தில் இருந்திருக்கக்கூடிய ஒரு மனிதர் இங்கே கதாபாத்திரமாகிவிட்டார். கட்சி அவருக்கு என்னவாக இருந்தது என்பதை அவர் நடையிலும் உடையிலும் பார்க்கிறோம். தலைவரைப் பற்றி எடுத்த எந்தப் படமும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

வெற்றிமாறனின் ‘வட சென்னை’ (2018) பேசுவது நிலத்தைப் பற்றி. ரோடு வருகிறது, குப்பத்தைக் காலி செய் என்கிறார்கள். கேரம் ஆடிக்கொண்டிருந்த அன்பு அதற்கு எதிராக நிற்க வேண்டியதாகிறது. இந்த இடத்தில்தான் காலத்தின் பெரிய மாற்றம் எனக்குத் தெரிகிறது. திரு.வி.க.வும் அண்ணாவும் இன்னும் கிடைக்காததைக் கேட்கச் சொன்னார்கள்: கூலி உயர்வு, சமத்துவம், ஆட்சி. இன்றைய கதைகள் இருப்பதைப் பறிகொடுக்காமல் இருப்பதற்கான போராட்டங்கள். வீடு, கடற்கரை, மூச்சுக்காற்று.

இந்தப் படங்கள் மீது ஒரு வருத்தமும் உண்டு. வடசென்னை என்றால் கத்தி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதற்கு அவற்றின் வெற்றியும் காரணம். காசிமேட்டில் விடியற்காலையில் ஏலம் கேட்கும் பெண்களும், கண்டெய்னர் லாரியை வரிசையில் நிறுத்திவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் டிரைவர்களும் கதையின் ஓரத்தோடு நின்றுபோகிறார்கள். ‘வட சென்னை’யில் படகில் எடுத்த ஒரு காட்சி தங்களை இழிவுபடுத்துவதாக மீனவர்கள் எதிர்த்தபோது, இயக்குநர் வருத்தம் தெரிவித்து அதை நீக்க ஒப்புக்கொண்டார். படம் பார்த்த குப்பம் படமெடுத்தவரிடம் நேரே நின்று பேசியது. இந்தத் துணிவு முக்கியம்.

படங்களின் இந்தக் குறையைப் புத்தகங்கள் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன. கரன் கார்க்கியின் நாவல்கள், பாக்கியம் சங்கரின் மனிதச் சித்திரங்கள், ஷாலின் மரிய லாரன்ஸின் ‘வடசென்னைக்காரி’ ஆகியவற்றில் இங்கே வாழ்ந்தவர்களின் நினைவும் ரோஷமும் இருக்கின்றன. பெண்ணின் குரலைத் தேடுகிறவர்கள் ஷாலினிடமிருந்து தொடங்கலாம்.

புத்தகங்களோடு பாட்டும் சேர்ந்தது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா எண்ணூரில் பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ 2017 ஜனவரியில் வெளியானது. கபேர் வாசுகி எழுதியது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்தில் நின்று, கர்நாடக ராகத்தில், சென்னைத் தமிழில் பாடியதை ஊரே பார்த்தது. அந்த மாதக் கடைசியிலேயே இரண்டு கப்பல்கள் மோதி இந்தக் கடற்கரையில் எண்ணெய் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும், அடுத்த சில வாரங்களில் நள்ளிரவில் ஓர் ஆலையிலிருந்து அம்மோனியா வாயுவும் வந்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்கள், மறுநாள் அந்த ஆலை வாசலில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தார்கள்.

இன்றைய வடசென்னையின் சிறந்த பேச்சுகளை நான் அரசு நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டங்களில்தான் தேடுவேன். எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்காக 2024 டிசம்பரில் நடந்ததைப் போன்றவை. மாவட்ட அதிகாரிகள் மேடையில் கேட்க உட்கார்ந்திருக்க, பேசுகிறவர்கள் எதிரே நிற்கிறார்கள். எந்தப் பருவத்தில் எந்த இறால் வந்தது, எப்போது நின்றது, பிள்ளைக்கு இழுப்பு எத்தனை வயதில் தொடங்கியது என்று ஒரு மீனவப் பெண் சொல்லும்போது அடுக்குமொழி தேவைப்படுவதில்லை. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அங்கே பேசப்படுவதை வீடியோ எடுக்க வேண்டும். எல்லாக் கருத்துகளையும் பதிவு செய்து, கூட்டம் முடியும்போது மக்களின் மொழியிலேயே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். அப்படிப் படிக்கும்போது தான் சொன்னது விடுபட்டால், அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க அந்தப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறது.