செம்பனைக் கன்றுக்கு எந்த உரம்?

நெகிரி செம்பிலானில் ரப்பர் நின்ற தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. அங்குள்ள நாற்றுப் பண்ணைகளில் கறுப்புப் பாலிதீன் பைகள் வரிசை வரிசையாக நிற்கும். நிலத்தில் நடும்வரை ஏறத்தாழ ஒரு வருடம் செம்பனைக் கன்று பையில்தான் வளர்கிறது. அந்தப் பை மண்ணில் கிடைப்பதுதான் அதற்குச் சாப்பாடு.

அது ரசாயன உரமா, மக்கிய உரமா? கணக்கைப் பார்ப்போம். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். மக்கிய உரத்தில் 2 விழுக்காடு இருந்தாலே நல்ல உரம். 10 கிராம் நைட்ரஜன் கொடுக்க யூரியா 22 கிராம் போதும். மக்கிய உரமோ அரைக் கிலோ வேண்டும். அதுவும் நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகு, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேருக்குச் சேரும்.

ஆனால், யூரியாபோல் சட்டென்று கரைவது மழையில் சட்டென்று ஓடியும்விடும். நெகிரி செம்பிலானின் ஜெலெபு வட்டாரம் மலேசியாவில் மழை குறைந்த இடங்களில் ஒன்று. அங்கேயே ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரி ஆயிரத்தைத் தொடுவதில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் உரம் போடக்கூடாது என்பது, வாளி சுமந்து உரம் போட்ட நம் தோட்டப்புறப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. போன சத்தை ஈடுகட்ட அளவைக் கூட்டினால் மண்ணில் உப்பு ஏறும். வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் இலை நுனி கருகும்.

மக்கிய உரம் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கிறது. நெகிரி செம்பிலானின் செம்மண் அமிலத்தன்மை உள்ளது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பரசைக் கட்டிப்போட்டுவிடும். மக்கிய உரத்திலுள்ள கரிம அமிலங்கள் அந்தக் கட்டை ஓரளவு தளர்த்தும்.

மக்கிய உரத்துக்கு மூலப்பொருள் பக்கத்திலேயே உண்டு. செம்பனை எண்ணெய் ஆலையில் பழம் உதிர்த்த பின் மிஞ்சும் வெற்றுக்குலை, வந்த குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. பொட்டாசியம் நிறைந்தது. பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அதைப் பச்சையாகப் பையில் திணித்தால் கன்று மஞ்சள் பூத்துவிடும். அதில் நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் நாற்பது, ஐம்பது பங்குக்கு மேல். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள், குறையும் நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஆலைக் கழிவுநீர் தெளித்து, புரட்டிப் போட்டு, குவியலின் சூடு அடங்கும்வரை மக்கவிட்ட பிறகே அது உரம்.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வாதம் நாற்றுப் பண்ணைக்குப் பொருந்தாது. பை நிரப்பும்போதே மண்ணோடு மக்கிய குலை உரத்தைக் கலந்துவிடுங்கள். ரசாயன உரத்தைச் சிறு அளவில், அடிக்கடி கொடுங்கள். ஆலைக்கு அருகிலுள்ள தோட்டங்கள் குலையை மக்கவைக்க ஓர் இடம் ஒதுக்கட்டும்.